ஆளுக்குக் கொஞ்சம்

மங்களத்தின் மெட்டியைத்தான் முதலில் பார்த்தேன். முந்தாநாள் அவரை வார்டில் சேர்த்தபோது அந்த மெட்டி விரலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. அவருடைய கணவர் ராமையா நர்ஸிடம் ஒரு துண்டு வெள்ளை நூல் கேட்டு வாங்கி, கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்து, மெட்டியின் அடியில் சுற்றிச் சுற்றி இறுக்கிவிட்டார். அவ்வளவு மெலிந்த கால். இன்று காலை போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதே காலில் நூலைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். நூல் இருந்தது, சதைக்குள் புதைந்து போயிருந்தது. விரல் உப்பிப் பளபளத்தது. என் கட்டைவிரலால் அவருடைய புறங்காலை அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து, அப்படியே நின்றது.

"காலு கொஞ்சம் சதை போட்டிருக்குல்ல மிஸ்ஸி?" என்றார் ராமையா, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. முகமெல்லாம் சிரிப்பு. "வந்தப்ப எப்படி இருந்தா, இப்ப பாருங்க."

அது சதை இல்லை, நீர்.

நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ் இல்லை, டயட்டிஷன். கழுத்து அட்டையில் மலாயில் பெரிய பதவிப் பெயரெல்லாம் இருக்கிறது. ஆனால் நோயாளிகளுக்கு அது கணக்கில்லை, வார்டில் நடமாடும் பெண்கள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான். எந்த நோயாளிக்கு எதை, எவ்வளவு, எவ்வளவு மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. கோப்பெங்கில் இருக்கும் என் அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "சோறு போடாதேன்னு சொல்றதுக்கா யூனிவர்சிட்டி வரைக்கும் போன தினேஸ்வரி?" என்று கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். நான் பிறவியிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று எங்கள் தாமான் குடியிருப்பின் முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள். இந்த வேலையில் அந்தப் பயம் உதவும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். உதவத்தான் செய்கிறது. தூக்கம்தான் போய்விட்டது.

ராமையாவும் மங்களமும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி, செம்பனையும் போய் வீடுகளாகிவிட்டது. இப்போது அவர் டவுனில் ஒரு பேரங்காடியில் ஜாகா, வாசல் காவல். மங்களம் பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு அவருக்குச் சோறு தொண்டைக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது. கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு கஞ்சி நின்றது, அப்புறம் தண்ணீரே தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. யாரிடமும் சொல்லாமல், ஆக்கிப் பரிமாறிவிட்டு, 'நான் அப்பவே சாப்பிட்டேன்' என்று சொல்லியே மங்களம் நாளை ஓட்டியிருக்கிறார். கட்டிய கைலி மங்களத்தின் இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் ராமையாவுக்கு உறைத்தது. இங்கே ஈப்போவுக்குக் கொண்டுவந்து பார்த்ததில் உணவுக்குழாய் சுருங்கியிருந்தது. நல்லவேளை, கெட்ட கட்டி எதுவும் இல்லை. பெரிய டாக்டர் உள்ளே குழாய் விட்டு, சுருங்கிய இடத்தை விரித்துவிட்டு, ஒரு கூட்டத்துக்காகப் பினாங்குக்குக் கிளம்பிவிட்டார். அன்று மங்களம் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அது தடையில்லாமல் இறங்கியது. ராமையா எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை அவ வாயில வரணும் மிஸ்ஸி," என்று அன்று என்னிடம் சொன்னார். "ரெண்டு மாசமா அந்தப் பேச்சே இல்ல. வந்துருச்சுன்னா மாரியாத்தாளுக்குப் பொங்கல் வக்கிறதா வேண்டியிருக்கேன்."

அவருக்குத் தெரியாததும் எனக்குத் தெரிந்ததும் இதுதான். பசி செத்துப்போகும் அளவுக்குப் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று வரும் சாப்பாடு விஷம். அந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் தின்று, கையிருப்பில் இருந்த உப்புச்சத்துகளைக் கரைத்து, எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது சர்க்கரை உள்ளே போனால் உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் தசைகளும் ஈரலும் அள்ளிக்கொள்கின்றன. ரத்தம் வெறுமையாகிறது. இருதயத்துக்கு அடிப்பதற்கும் மூச்சுக்கு ஏறி இறங்குவதற்கும் எதுவும் மிஞ்சாது. பட்டினியில் பிழைத்தவர்கள் சாப்பிட்டதனால் போய்ச் சேருவார்கள். இதை எந்த மொழியில் ராமையாவிடம் சொல்வது? எங்கள் பால்மாவை ஸ்பூன் கணக்கில்தான் தருவோம், வேறு எதுவும் வேண்டாம், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரியில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். புரிந்ததா என்று நானும் துருவிக் கேட்கவில்லை.

மங்களத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார். என் முகத்துக்குப் பக்கத்தில் வேறு யாரையோ பார்த்தார். "கையைப் புடிங்க ஆன்ட்டி," என்று விரல்களைக் கொடுத்தேன். நேற்று என் விரலை நன்றாகவே இறுக்கியவர், இன்று பிடிக்க முயன்றார், முடியவில்லை. மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஐவனைக் கூப்பிட ஓடினேன்.

ஐவன் கெட்டிக்காரர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். பெரிய டாக்டர் ஊரில் இல்லாத நாள்களில் வார்டு முழுக்க அவர் தலையில்தான். வந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆனால் அவர் பயந்தது வேறொன்றுக்கு. விரித்தபோது உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம், நெஞ்சுக்குள் சீழ் பிடித்திருக்கலாம் என்று நினைத்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார், கீழே ஸ்கேனுக்குச் சொல்லச் சொன்னார்.

"டாக்டர், இது சாப்பாட்டால வந்த மாதிரி இருக்கு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "கால் வீங்கியிருக்கு. கை பலம் போயிருச்சு. இந்த நெலமையில ஸ்கேனுக்கு எறக்கினா வழியிலயே..."

"நீ குடுக்கச் சொன்ன அளவுக்கு இது வருமா தினேஸ்? நெசமா சொல்லு."

வராது. அதுதான் சிக்கல். நான் சொன்ன அளவு ஒரு குருவிக்குக்கூடக் காணாது. அப்படியானால் நான் தப்பு, அல்லது யாரோ அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் தப்பு என்றால் கிழிந்த இடத்தைத் தேடிப் போக வேண்டியதுதான். நான் சரி என்றால், அந்த ஸ்கேனுக்குப் போகிற நேரத்தில் இந்த அம்மாவின் இருதயம் நின்றுவிடும். ரத்தச் சோதனை வரும்வரை காத்திருக்கலாம்தான், ஆனால் காத்திருக்க அவரிடம் நேரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ராமையாவிடம் திரும்பினேன். "அங்கிள், நாங்க குடுத்ததத் தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. நீங்க சொன்னதுதான்." சிரிப்பு போய்விட்டிருந்தது. சொல்லும்போதே அவருடைய செருப்புக்கால் நாற்காலிக்கு அடியில் எதையோ பின்னால் தள்ளியது. பச்சை நிற பிளாஸ்க். வந்த நாளிலிருந்தே மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக்கொண்டு வருவார், தனக்குத் தேத்தண்ணி என்று சொல்வார்.

பிடுங்கித் திறந்திருக்கலாம். கை போகவில்லை. திருடனைப் பிடிப்பதுபோல் அவரைப் பிடித்தால், 'என் தேத்தண்ணி' என்று ஒரேயடியாகச் சாதிப்பார். எவ்வளவு, எத்தனை தடவை என்பதெல்லாம் அவர் வாயோடு போய்விடும். எங்களுக்கு வேண்டியதோ அதுதான். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவர் ஒப்புக்கொண்டால், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது சிஸ்டர் கெர்ட்ரூட் வந்தார். வார்டின் தலைமை நர்ஸ். பெரிய உடம்பு, சத்தமில்லாத நடை. அவர் வருகிறார் என்றால் டிராலிச் சக்கரங்கள்கூட அடங்கிப்போகும் என்று இளம் நர்ஸ்கள் கிண்டல் செய்வார்கள். காலைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் குனிந்தார்.

"மெட்டியக் கழட்டாதீங்கம்மா," என்றார் ராமையா பதறி. "அத மட்டும் கழட்டாதீங்க."

"கழட்டல அண்ணே. நூல மட்டும் வெட்டுறேன்."

நூல் அறுந்தது. விரலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. சிஸ்டர் நிமிர்ந்து, "எல்லாரும் வாங்க, கை சொல்லலாம்," என்றார்.

இது அவருடைய வார்டில் மட்டும் உள்ள வழக்கம். ஏதாவது கைமீறிப் போனால் யாரும் முதலில் கோப்பைத் தேடி ஓடக் கூடாது. நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்று, அவரவர் கை என்ன செய்தது என்று வாயால் சொல்ல வேண்டும். 'என் கை' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்தவர் கையைப் பற்றி யாரும் பேசக் கூடாது, சொல்கிறவர் முகத்தை யாரும் பார்க்கவும் கூடாது. புதிதாக வருகிற டாக்டர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள். ஐவனும் ஒருகாலத்தில் சொன்னவர்தான். இன்று மறுபேச்சில்லாமல் வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றார். போன் போட்டுக் கூப்பிட்டதும் மருந்தகத்திலிருந்து மருந்தாளர் ஷெரில் படியேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு வண்டி தள்ளும் மலாய்க்காரப் பெண் காக் ரோஸையும் சிஸ்டர் கைகாட்டிக் கூப்பிட்டார். அந்தப் பெண் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தயங்கி வந்து நின்றாள்.

சிஸ்டர் முதலில் ஆரம்பித்தார். "என் கை. நேத்து பால்மா குடுக்குறப்ப தினேஸ் சொன்ன அளவுக்கு மேல ஊத்தினேன். நல்லா எறங்குதேன்னு சந்தோசத்துல ஊத்தினேன். கொஞ்சம்தான்."

கெர்ட்ரூட் சிஸ்டரா? ஆனால் பார்க்கக் கூடாது. எதிரே ஜன்னலைப் பார்த்தேன். சுண்ணாம்பு மலைகளின் மேல் மழை கட்டிக்கொண்டு நின்றது.

"என் கை," என்றார் ஐவன். "ராத்திரி ரத்தத்துல சீனி கொறஞ்சிருந்துச்சு. குளுக்கோஸ் டிரிப் போட்டேன். அது காலைல வரைக்கும் ஓடியிருக்கு. சின்ன அளவுதானேன்னு டயட்டிஷன்கிட்ட சொல்லல."

ஷெரில் சொன்னாள், "என் கை. வைட்டமின் பி ஒன் ஊசி முன்னாடியே போயிருக்கணும். சாப்பாடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஸ்டோர்லருந்து வரட்டும், இன்னிக்கு அனுப்பலாம்னு விட்டுட்டேன்."

காக் ரோஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு அரைகுறையாகப் புரியும். நடப்பது என்னவென்று மட்டும் முழுதாகப் புரிந்திருந்தது. தன் வலது கையைத் தானே தொட்டுக்காட்டி, "தங்கான் சாயா," என்றாள். என் கை. "புபுர். நேத்து. கசியான் தெங்கோக் டியா, மிஸ்ஸி." பார்க்கப் பாவமாக இருந்ததால் கஞ்சி கொடுத்திருக்கிறாள். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினாள். "சிகிட் ஜே." அதுவும் கொஞ்சம்தான்.

என் முறை வந்தது. "என் கை. அளவ நான் பகல் ஆளுங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். டாக்டர்கிட்ட சொல்லல, கிச்சனுக்குச் சொல்லல. ஏன் மெதுவான்னு அங்கிளுக்குப் புரியுற மாதிரி சொல்லல. எல்லாரும் தலையாட்டினாங்க, நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

நாங்கள் ஐந்து பேரும் ஐந்து திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாராவது ஒருவர் ராமையாவைப் பார்த்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். பார்க்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. அவர் குனிவது கடைக்கண்ணில் தெரிந்தது.

"என் கையுந்தாம்மா," என்றார்.

பிளாஸ்க்கைக் கட்டிலின் மேல் வைத்து மூடியைத் திருகினார். டின் பாலின் வாசனை குப்பென்று எழுந்தது. சுடுதண்ணீரில் கெட்டியாகக் கரைத்த இனிப்புப் பால். தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் விட்டுப்போகும் குழந்தைகளிலிருந்து காய்ச்சலில் கிடப்பவர்கள் வரைக்கும் அதுதான் மருந்து என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா இந்த இடத்தில் இருந்திருந்தால் அம்மாவும் இதையேதான் செய்திருப்பார்.

"அன்னிக்கே ஆரம்பிச்சிட்டேன். நீங்க அந்தப் பக்கம் போறப்பெல்லாம் குடுத்தேன். அவ கேக்கலம்மா. வேணாம்னும் சொல்லல. தொண்டையில எறங்குறது அப்படியே கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. மடக்கு மடக்குன்னு. ரெண்டு மாசமா எறங்காதது எறங்குதேன்னு, அதப் பாக்குறதுக்காகவே குடுத்தேன். தீந்துபோனா கீழ போயி மறுபடி கலந்துகிட்டு வந்தேன். இன்னிக்கு விடியறப்பக்கூட ஒரு மூடி." நிறுத்தினார். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தாம்மா குடுத்தேன்."

ஐவன் பிளாஸ்க்கை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு ஒரே மூச்சில், "ஸ்கேன் வேண்டாம். மானிட்டர் மாட்டுங்க. வாயால எதுவும் குடுக்காதீங்க, இனிமே குளுக்கோஸும் வேண்டாம். ஷெரில், பி ஒன் இப்பவே. பாஸ்பேட் டிரிப் ரெடி பண்ணு, லேப்புக்கு நான் பேசுறேன்," என்றார். ஷெரில் ஏற்கெனவே படிக்கட்டில் இருந்தாள். சிஸ்டரின் கைகள் மங்களத்தின் நெஞ்சில் மானிட்டர் வில்லைகளை ஒட்டிக்கொண்டிருந்தன. காக் ரோஸ் சாப்பாட்டு வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, யாரும் சொல்லாமலேயே அந்தக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். லேப்பிலிருந்து போன் வந்தது. எண்ணைக் கேட்ட ஐவன் போனை என்னிடம் நீட்டினார். அவ்வளவு தாழ்ந்த பாஸ்பேட்டை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த எண்ணுக்குக் கீழே, இருதயம் நிற்பதைப் பற்றி இருந்த வரியும் எனக்கு ஞாபகம் இருந்தது.

"நான் கொன்னுட்டேனா?" என்று ராமையா கேட்டார். யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

சிஸ்டர் திரும்பவில்லை. வேலையை விடாமலே சொன்னார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க வேற எங்கயோ தேடிகிட்டு இருப்போம் அண்ணே. இப்ப எவ்ளோன்னு தெரிஞ்சிருச்சு. மூச்சு இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். டிரிப் ஏறத் தொடங்கியது. அந்த மருந்தை அவசரமாக ஏற்ற முடியாது. வேகமாகப் போனால் அதுவே இருதயத்தை நிறுத்திவிடும். கொடுப்பதிலும் மெதுவாக, திருத்துவதிலும் மெதுவாக. வெளியே மழை பிடித்துக்கொண்டு மலைகள் மறைந்தன. மானிட்டரில் கோடு ஓடியது, திடீரென்று ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது, பிறகு ஓர் இடைவெளி. பிறகு கோடு மறுபடி ஓடியது. ஐவன் பினாங்குக்குப் போன் போட்டுப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார், தன் குளுக்கோஸ் உட்பட. நான் எனக்கு வேலை எதுவும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை. மங்களத்தின் புறங்காலில் நான் காலையில் அழுத்திய பள்ளம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் போய்விட்டால் என் ஆயுசு முழுக்க அந்தப் பள்ளம் என் கட்டைவிரலில் இருக்கும் என்று தோன்றியது.

ஷெரில் இரண்டாவது பாட்டிலோடு வந்தபோதுதான் மங்களம் தலையைத் திருப்பினார். கண்கள் திறந்திருந்தன. கொஞ்ச நேரம் மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். பிறகு பார்வை தேடி, ராமையாவின் முகத்தில் வந்து நின்றது. இந்த முறை சரியான முகத்தைத்தான் பார்த்தார்.

"என்னாங்க," என்றார். குரல் காய்ந்திருந்தது.

"இந்தா இருக்கேன் புள்ள."

"பசிக்குதுங்க."

ராமையாவின் வாய் திறந்தது. அப்படியே எங்களைப் பார்த்தார். ஐவனை, ஷெரிலை, திரையைப் பிடித்தபடி நின்ற காக் ரோஸை, கடைசியில் என்னை. நான் தலையசைத்தேன், இல்லை என்று. அதைச் சொல்லத்தான் யூனிவர்சிட்டி வரைக்கும் போனேன். மானிட்டரில் இன்னொரு துடிப்பு முந்தியது.

"பசிக்குதுங்க," என்றார் மங்களம் மறுபடியும், ராமையாவுக்குக் காது கேட்கவில்லையோ என்பதுபோல.

சிஸ்டர் கெர்ட்ரூட் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சைத் தோய்த்தார். நன்றாகப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்து, ராமையாவின் கையில் வைத்து, உதட்டைக் காட்டினார். அவர் அதை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு குனிந்தார். கீழுதட்டைத் தொட்டார், பிறகு மேலுதட்டை. மங்களம் வாயைத் திறந்து, அந்தப் பஞ்சை உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டார். கன்னம் குழிய உறிஞ்சினார். அதில் ஒன்றும் இல்லை. அவர் விடவில்லை. ராமையாவும் இழுக்காமல், பஞ்சின் மறுமுனையைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.